பதினாலாம் படுக்கைக்கு வந்த அட்டை

கடையில் அட்டைக்காவுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தால் பொறுமையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். நேராகத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும் பொடி எழுத்துகளை வாய்விட்டுப் படிப்பாள். "மாவு, சர்க்கரை, எண்ணெய்... இது என்ன, இன்னொரு சர்க்கரையா? பேரை மாத்தி வெச்சா எனக்குத் தெரியாதா?" பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

"என்னக்கா, வாங்கப் போறீங்களா, மனப்பாடம் பண்ணப் போறீங்களா?" என்பார் கடைக்காரர்.

"பொறுங்க. முன்னாடி எழுதியிருக்கிறது உங்க வியாபாரத்துக்கு. பின்னாடி எழுதியிருக்கிறதுதான் என் வயித்துக்கு."

இந்தப் பழக்கம் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில், நோயாளிகளுக்குப் போகும் சாப்பாட்டின் நடுவிலேயே நின்றவள் அவள். அத்தனை வருஷத்தில் ஒரு பொட்டலத்தைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சமையலறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருப்பதால் வெளியே போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். செருப்பை வைத்தே டாக்டர் யார், சொந்தக்காரர் யார் என்று உள்ளே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். நீளமான எஃகு மேடை. அதன் ஒரு முனையில் காலித் தட்டு வைப்பார்கள். ஒருவர் சோறு, ஒருவர் சூப், ஒருவர் காய் என்று தட்டு நகர்ந்து நகர்ந்து மறுமுனைக்கு வரும். அந்த மறுமுனையில் அவள். தட்டில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் அட்டையைப் பார்ப்பாள், தட்டைப் பார்ப்பாள், சரியாக இருந்தால் மூடியைப் போட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றுவாள். அவள் கண்ணைத் தாண்டி ஒரு தட்டும் மேலே போகாது. அதனால்தான் அட்டைக்கா என்று பேர் வந்தது. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மஞ்சள் அட்டை சர்க்கரைக்காரர்களுக்கு. சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி, பழச்சாறு கிடையாது. நீல அட்டை இதயக்காரர்களுக்கும் ரத்த அழுத்தக்காரர்களுக்கும். அவர்களுக்குச் சாதாரண உப்பு இல்லை, யாருக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்யும் டயட் மேடம் அளந்து கொடுக்கும் தனி உப்பில் ஒரு சிட்டிகை. சிவப்பு அட்டை சிறுநீரகக்காரர்களுக்கு. அதுதான் பொல்லாத அட்டை. எந்த உப்பும் இல்லை, வாழைப்பழம் இல்லை, ஆரஞ்சு இல்லை, தக்காளி இல்லை. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, ஊறவைத்து, ஒரு தண்ணீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைக்க வேண்டும். கடைசியில் அது காகிதம் மாதிரி இருக்கும். காலையில் அந்த வேலையையும் அவளே செய்வாள். ஏன் இப்படி என்று அவள் கேட்டதில்லை. சிவப்பு என்றால் நீலத்தின் அண்ணன், இன்னும் கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள்.

இவை தவிர ஒரு வெள்ளை அட்டை உண்டு. மாதத்தில் இரண்டோ மூன்றோ வரும். அதில் படுக்கை எண் மட்டும் இருக்கும், கட்டுப்பாடு ஒன்றும் இருக்காது. நோயாளி எதைக் கேட்கிறாரோ அதைக் கொடுக்கலாம் என்று அர்த்தம். இனிமேல் டாக்டர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் அதே அட்டையின் அர்த்தம்தான். வெள்ளை அட்டை மேடைக்கு வந்தால் சமையலறையில் சட்டென்று பேச்சு நின்றுவிடும். நாள் முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கும் பெரிய மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தானே நின்று அந்த ஒரு தட்டைச் சமைப்பார்.

அட்டைக்காவின் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் அளவெடுத்துக் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் சின்னக் கடை. வெட்டிய விளிம்பில் விரலை ஓடவிட்டு "அரை மயிரிழை தூக்கலா இருக்கு" என்பார். அளவுகோல் வைத்துப் பார்த்தால் அது உண்மையாகவே இருக்கும். அந்த அளவுப் புத்தி சாப்பாட்டிலும் உண்டு. உப்பு ஒரு கல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், குறைந்ததை நிரப்பிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வேண்டும். பொரித்த உருளைக்கிழங்கு என்றால் உயிர். அதன்மேல் உப்பைத் தூவி, போதாதென்று ஒவ்வொரு துண்டாகக் கிண்ணத்திலும் தொட்டுக்கொள்வார்.

மகளைக் கட்டிக் கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பியபின் வீட்டில் இரண்டு பேர்தான். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன டாக்டரம்மா, இன்னைக்கு வெள்ளை உண்டா?"

உண்டு என்றால் சொல்வாள். ஒரு டீச்சர் அடி கருகிய ரொட்டி கேட்டார். ஒரு கப்பல்காரர் ஐஸ்கிரீம் கேட்டு, கரையும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தொடாமல் திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். பிறகு குசும்பு எட்டிப் பார்க்கும். "எனக்கு வெள்ளை வந்தா உங்க மாஸ்டர்கிட்ட சொல்லி வை. பொரிச்ச உருளைக்கிழங்கு. பக்கத்துல தனியா உப்பு, கிண்ணம் நிறைய."

"வாய மூடிட்டு சாப்பிடுங்க" என்று கரண்டியை ஓங்குவாள்.

அப்புறம் அந்தப் பேச்சு வேடிக்கையாக இல்லாமல் போயிற்று. அவருக்குச் சர்க்கரை ஏற்கெனவே இருந்தது. ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. கால் வீங்குகிறதே என்று காட்டப் போனபோது சிறுநீரகம் முக்கால்வாசி போய்விட்டது என்றார்கள். சாப்பாட்டுச் சீட்டைக் கையில் கொடுத்தபோது அவள் அதைப் படிக்கவே இல்லை. "சிவப்பு அட்டைதானே டாக்டர்? எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன்" என்றாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தெருவில் யாருக்குச் சர்க்கரை வந்தாலும், யாருக்கு மயக்கம் வந்தாலும் அவளிடம்தான் யோசனை கேட்டார்கள். தன் வீட்டுக்கு வந்ததைச் சமாளிக்கத் தெரியாதா?

நன்றாகத்தான் சமாளித்தாள். உருளைக்கிழங்குக்கு இரண்டு தண்ணீர், பழம் அளந்து, குடிக்கும் தண்ணீர் அளந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டாள். ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அவருக்காகத் தானும் உப்பில்லாமல் தின்றாள். ஆனால் மனுஷன் இளைத்துக்கொண்டே போனார். இரண்டு வாய் வைப்பார், தட்டைத் தள்ளிவிடுவார். ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து ஏதோ கொரகொரவென்று கொட்டியது. காகிதத்தில் மடித்த உப்பு. சின்னப் பிள்ளை மிட்டாயை ஒளித்துவைப்பதுபோல ஒளித்துவைத்திருந்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"நாக்கு செத்துப் போச்சுடி" என்றார் அவர், பிடிபட்ட முகத்தோடு. "திங்கிறது சோறா, வைக்கோலான்னே தெரியல."

அந்த வாரம்தான் அவள் கடையில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். பச்சை நிறம், நடுவில் பெரிய இதயம் போட்டு, 'சோடியம் குறைந்த உப்பு, இதயத்தின் நண்பன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பொருள். நீல அட்டைக்கு டயட் மேடம் அளந்து கொடுக்கும் அதே தனி உப்பு. இதயத்துக்கு நல்லது சிறுநீரகத்துக்கு என்ன கெடுதல் செய்துவிடும்? நீலத்துக்குப் போடுவதைச் சிவப்புக்கு ஒரு சிட்டிகை போட்டால் என்ன? மேடமிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் நின்றவள், நேற்று வந்த பெண்ணிடம் போய்க் கேட்பதா என்று இருந்தது. கேட்கவில்லை.

முதல் நாள் அவர் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னடி போட்ட?"

"டாக்டரம்மா வைத்தியம். சாப்பிடுங்க."

நாலு மாசம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் தட்டு காலியானது. ஒரு சிட்டிகை இரண்டாயிற்று, இரண்டு சிட்டிகை ஒரு சின்ன ஸ்பூன் ஆயிற்று. மகளிடம் போனில், "உங்கம்மா பெரிய ஆள்தான், உப்பில்லாத உப்பைக் கண்டுபிடிச்சிருக்கா" என்று பீற்றிக்கொண்டார். பரிசோதனைக்குப் போக வேண்டிய தேதியை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு பேருமே தள்ளிப்போட்டார்கள்.

ஒரு காலையில் கடையில் கண்ணாடியைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி நொறுங்கியது. காலில் பலமே இல்லை என்றார், பிறகு பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது இதயம் நின்று நின்று அடித்துக்கொண்டிருந்தது. எப்படியோ இழுத்துப் பிடித்துவிட்டார்கள். கீழே சமையலறையில் ஏப்ரனோடு நின்றவளை டயட் மேடம் மேலே கூட்டிப்போய் உட்காரவைத்துக் கேட்டாள்.

"அக்கா, வீட்ல அவருக்கு என்ன உப்பு போடறீங்க?"

சொன்னாள். மேடம் முகம் வெளுத்துப்போனது. பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னாள். அட்டைக்கா வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்ததும், அதைத் திருப்பி ஓர் இடத்தில் விரலை வைத்தாள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பொடி எழுத்துதான், ஆனால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தால் தெளிவாகத் தெரியும் எழுத்து.

"சாதாரண உப்புல இருக்கிறது சோடியம். இதுல பாதிய எடுத்துட்டு அதுக்குப் பதிலா பொட்டாசியம் வெச்சிருக்காங்க. கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு, அதிகமான பொட்டாசியம் வெளிய போயிடும். அவரு கிட்னியால தள்ள முடியாது. ரத்தத்துலயே தங்கி இதயத்தைப் புடிச்சிடும்." மேடம் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "நாம சிவப்புக்கு உருளைக்கிழங்கை ரெண்டு தண்ணி விட்டுக் கொட்டறோமே, அது எதுக்குக்கா? இதே பொட்டாசியத்தை வெளியேத்தத்தான்."

அட்டைக்கா தன் கையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது இந்தக் கைதான். கொட்டிய அதையேதான் அதே கை ஸ்பூனால் அள்ளி அவர் தட்டில் போட்டிருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். மேடம் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அவர் கண் விழித்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை. அவர் கேட்டுவிட்டு, "நாலு மாசம் மனுஷனா சாப்பிட்டேன். அதை எங்கிட்ட இருந்து நீயே பிடுங்காத" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூட அவளுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

அதன்பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மிஷின். நாலு மணி நேரம் கையில் ஊசியோடு கிடக்க வேண்டும். மிஷின் தொடங்கியதும் முட்டை வெள்ளைக்கருவைக் கூட்டச் சொன்னார்கள். "ஏன்?" என்று கேட்டாள். ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்போது உடம்புக்கு வேண்டிய புரதமும் கொஞ்சம் வெளியே போய்விடும் என்று மேடம் சொன்னாள். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று அவள் கேட்டாள். கேட்க வேண்டிய நாளில் கேட்காத கேள்வியை மிச்ச நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மிஷினில் படுத்திருந்தபடி அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "இந்தா, ஒண்ணு சொல்றேன். எனக்கு வெள்ளை வந்தா என் கண்ணுல காட்டாத. விளையாட்டுக்குப் பேசினேன், அவ்வளவுதான். பாத்துட்டா அப்புறம் தொண்டைக்குள்ள இறங்காது."

"அதெல்லாம் வராது" என்றாள்.

ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. இதயம் தளர்ந்துவிட்டது, மிஷினில் போட்டால் அதிலேயே போய்விடுவார் என்றார்கள். மகள் ஊரிலிருந்து வந்து வராந்தா சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவரிடம் மட்டும், உடம்பு தேறட்டும், மிஷினுக்குக் கொஞ்ச நாள் லீவு என்று சொல்லியிருந்தது. "இனிமே அவருக்குப் பிடிச்சதைக் குடுங்கம்மா" என்று பெரிய டாக்டர் தோளைத் தொட்டுச் சொன்னார். அந்த வாக்கியத்துக்குச் சமையலறையில் என்ன நிறம் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

லீவு போடச் சொன்னார்கள், போடவில்லை. அவர் தட்டு வேறு யார் கண்ணையும் தாண்டிப் போகக் கூடாது என்று மேடைக்கு வந்து நின்றாள். மத்தியானத் தட்டுகள் வரிசையாக வந்தன. மஞ்சள், நீலம், நீலம், மஞ்சள். பிறகு வெள்ளை அட்டை செருகிய ஒரு காலித் தட்டு. படுக்கை எண் பதினாலு.

பெரிய மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். எதுவும் கேட்காமல் உருளைக்கிழங்குக் கூடையை இழுத்தார். வீட்டுக்காரரின் ஆசையெல்லாம் மாஸ்டருக்கும் தெரியும், எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். "பொரிச்சுடட்டுமா, அட்டைக்கா?"

பொரித்துக் கொண்டுபோனால் மூடியைத் திறந்த அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிடும். பிறகு ஒரு வாய் இறங்காது. கொண்டுபோகாவிட்டால், ஒரு கல் உப்பு நாக்கில் படாமல் அந்த மனுஷன் போய்ச் சேருவார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கேட்டதைக் கொடுத்து அனுப்பியவள், தன் வீட்டு மனுஷனுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"வேண்டாம் மாஸ்டர். வேகவெச்சு மசிங்க. பாக்கிறதுக்கு அப்படியே சிவப்புத் தட்டு மாதிரியே இருக்கணும்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உப்பு நான் போட்டுக்கறேன்" என்றாள்.

சாதாரண உப்பு டப்பாவைத் திறந்து, கையால் எடுத்துப் போட்டாள். மசியலுக்கு, முட்டைக்கு, சூப்புக்கு. ருசி பார்த்தாள், இன்னும் கொஞ்சம் போட்டாள். கல்யாணமான புதிதில் அவர் கேட்ட அளவு அது, கை மறக்கவில்லை. வெள்ளை அட்டையை உருவி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அடுக்கிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துச் செருகினாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தட்டில்கூட அவள் அட்டை மாற்றியதில்லை. மாஸ்டர் மூடியை எடுத்து நீட்டினார். தட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றாமல் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள்.

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்க்கும் முன் அட்டையைப் பார்த்தார்.

"சிவப்பா?"

"சிவப்புதான். பின்ன என்ன, வானவில்லா வரும்?" குரல் நடுங்காமல் வந்துவிட்டது.

மூடியைத் திறந்தார். மசித்த உருளைக்கிழங்கு, முட்டை வெள்ளைக்கரு, வெளிறிய சூப். ஒன்றரை வருஷமாகப் பார்க்கும் அதே தட்டு. அலுப்போடு ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார்.

தாடை அப்படியே நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்து சிவப்பு அட்டையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் கலையாத போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் உப்பில்ல" என்றார்.

போர்வையைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. அரை மயிரிழைத் தூக்கலை விரலால் கண்டுபிடிக்கிறவர். ஒரு கல் உப்புக்குச் சண்டை போடுகிறவர்.

"உங்க மாஸ்டருக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா? ஒரு கல்லு போட்டா அவரு சொத்தா குறைஞ்சிடும்?" கண்ணில் நீர் தளும்பி நின்றது, குரலில் பழைய குசும்பு. அடுத்த ஸ்பூனை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "நீயே பாரு. இருக்கா?"

வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மாஸ்டரின் சமையல், தன் கை உப்பு. விழுங்கினாள்.

"இல்லைங்க. சுத்தமா இல்ல" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். அவசரமே இல்லாமல், ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து நக்கினார். காலித் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கும் இதே மாதிரி, உப்பில்லாமலே கொண்டு வா" என்றார்.

ஐந்து நாள் கொண்டுபோனாள்.